மதுரையில் வளர்ந்தும் பதிவேட்டில் வெளிநாட்டவர்

2025 செப்டம்பர் 1 அன்று புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முறையான பாஸ்போர்ட், விசா இல்லாமல் இந்தியாவுக்குள் வந்தால் 5 வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. அந்த வாரம் இலங்கை அகதிகளான எங்கள் முகாமில் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட இதே பேச்சுதான். கூடவே வந்த விதிவிலக்கு ஆணையைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு அந்தத் தண்டனை கிடையாது. "அப்ப இனி எங்களைப் பிடிக்க மாட்டாங்களா பிள்ளை?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டார். மாட்டார்கள் என்றேன். "அப்ப குடியுரிமை?" என்றார். அதற்கு அந்த ஆணையில் பதில் இல்லை.

நாங்கள் மன்னார் பேசாலைக்காரர்கள். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது வள்ளத்தில் ஏறி வந்த ஆயிரக்கணக்கானவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, விசாரித்து, பிறகு மதுரைப் பக்கம் அனுப்பினார்கள். இந்த மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று முகாம்கள் இருக்கின்றன. கடலைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு மதுரை வெயில் பழகவே நாளாயிற்று. தேங்காய் விலையைக் கேட்டு அம்மா சொதி வைப்பதைக் குறைத்துக்கொண்டார். ஆனால் ஊர்க்காரர்கள் எங்களை ஒதுக்கவில்லை. பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் வீட்டில்தான் சித்திரைத் திருவிழாவுக்கு முதல் முறையாகப் புதுத்துணி கிடைத்தது. என் கணவருக்குப் பெயிண்டிங் வேலை கற்றுக்கொடுத்தவரும் மதுரைக்காரர்தான். அந்த அண்ணன் பெயரில்தான் எங்கள் பைக்கும் இருக்கிறது.

ஊரோடு ஒட்டிக்கொண்டோம். சட்டத்தோடு ஒட்ட முடியவில்லை.

முகாமில் செக்கிங் என்று ஒன்று உண்டு. அன்றைக்குக் குடும்பத்தில் எல்லாரும் நேரில் வந்து முகம் காட்ட வேண்டும். கோயம்புத்தூரிலோ கேரளாவிலோ பெயிண்ட் வேலையில் இருப்பவர்கள் கூலியை விட்டுவிட்டு ராத்திரி பஸ் பிடித்து மாட்டுத்தாவணியில் வந்து இறங்குவார்கள். வரவில்லை என்றால் உதவித்தொகை நிற்கும், பதிவிலிருந்தே பெயர் போய்விடுமோ என்ற பயமும் இருக்கும். 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு வந்த கெடுபிடி இது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரிய வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் 2016இல் இந்த மாவட்டத்து முகாம் ஒன்றில், மருத்துவமனையில் இருந்த மகனுக்கு வருகை போட மறுத்ததால் மனம் உடைந்து ஒரு தகப்பன் உயிரை விட்டார். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எந்தச் செக்கிங்கிலும் என்னால் நிம்மதியாக நிற்க முடிந்ததில்லை.

2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000 ரூபாய் என்று உதவித்தொகையை உயர்த்தியது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டவும் அறிவிப்பு வந்தது. நல்ல சுவருள்ள வீடு என்றால் என்ன என்பது பத்துக்குப் பத்து அறையில் தார்ப்பாயைத் தொங்கவிட்டு வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்கு நன்றி சொல்லத் தயங்க மாட்டேன். குடியுரிமையோ மத்திய அரசின் கையில் இருக்கிறது.

1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அதை வைத்துத்தான், 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். முகாமே அதைக் கொண்டாடியது. என் மகள் 2003இல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிறந்தவள். அப்போதைய சட்டப்படி தாய், தகப்பன் இருவரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேருமே அகதிகள். அதனால் இலங்கை மண்ணை மிதித்தே இராத அவளும் பதிவேட்டில் இலங்கைத் தமிழர். பி.காம். முடித்திருக்கிறாள். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. "எங்கள ஏம்மா விட்டாய்ங்க?" என்று மகள் அச்சு அசல் மதுரைக்காரியாகக் கேட்கிறாள்.

எல்லையைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கடல் குறுகலானது. கடத்தல்காரர்களும் அந்த வழியில் வருகிறார்கள். கடலோரக் காவல் இருக்கத்தான் வேண்டும். ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாகப் பெயர், படம், ரேகை, வேலை, போக்குவரத்து என்று எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கும் எங்களைப் பற்றி அரசுக்கு இன்னும் என்ன தெரிய வேண்டும்? எங்களைவிட அதிகமாகச் சரிபார்க்கப்பட்டவர்கள் இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்?

2022 மார்ச்சில் இலங்கையில் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வழியில்லாமல் போனபோது, கைக்குழந்தையோடு தனுஷ்கோடியில் வந்து இறங்கியவர்களும் இருக்கிறார்கள். 2015 என்ற அந்தத் தேதி அவர்களைக் காப்பாற்றாது. அவர்களுக்கும் ஒரு வழி பிறக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்காக நாங்கள் கேட்பதோ மிகச் சிறியது. சட்டவிரோதக் குடியேறி என்று எழுதி வைத்திருப்பதால்தான் அவர்களால் பதிவு மூலமோ, நீண்டகாலம் வாழ்ந்ததைக் காட்டியோ குடியுரிமை கேட்க முடியவில்லை. பதிவு பெற்ற முகாம் குடும்பங்களுக்கு மத்திய அரசு அந்தத் தடையை மட்டும் எடுக்கட்டும். பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார் எல்லாவற்றையும் மகள் ஒரே ஃபைலில் போட்டுத் தயாராகத்தான் வைத்திருக்கிறாள்.