பழைய மூட்டை தின்ற மண் தலை

சென்னையில் வார இறுதி வகுப்பில் சிற்பம் கற்றுக்கொண்டிருக்கிறேன். மண்ணில் உருவம் பிடிப்பது, அச்செடுத்து வார்ப்பது, கல்லில் செதுக்குவது என்று மூன்று கட்டம். மண் வேலை நல்லபடியாகவே முடிந்தது. கம்பிக்கூட்டில் குறுக்குக் கட்டைகள் தொங்கவிட்டு மண் அப்பினால் தலை சரியாது, வீட்டுக்குக் கிளம்பும்போது ஈரத்துணியும் அதன்மேல் பாலித்தீனும் சுற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அச்செடுக்கும்போதுதான் எல்லாம் போனது. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மூட்டை வாங்கினோம். "புதுச் சரக்கு சார், நேத்துதான் வந்துச்சு" என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை. முதல் பூச்சு முகத்தில் ஏறி நெடுநேரம் ஆகியும் இறுகவில்லை, மாஸ்டர் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடே வரலை, இது செத்த பிளாஸ்டர்" என்றார். நல்ல பிளாஸ்டர் இறுகும்போது கை உணரும் அளவுக்குச் சுடும். காற்றிலுள்ள ஈரத்தை மூட்டைக்குள்ளேயே குடித்துவிட்ட பிளாஸ்டருக்கு இறுகும் சக்தி போய்விடுகிறது. மறுநாள் பிரித்தபோது அச்சு சுண்ணாம்புப் பொடியாக உதிர்ந்தது, கூடவே மண்ணில் மூக்கும் ஒரு காதும் பிய்ந்து வந்தன. வாரக்கணக்கில் உட்கார்ந்து பிடித்த முகம். மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோனால், "பிரிச்ச மூட்டையை எடுக்க மாட்டோம்" என்று அதே ஆள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார், பில்லை நீட்டியும் பலன் இல்லை. இப்போது எழுதும்போதும் வயிறு எரிகிறது.

அதனால் மழைக்காலத்தில் வாங்குகிறவர்கள் மூட்டையில் அச்சடித்த மாதத்தைப் பாருங்கள், தரையோடு அடுக்கிய அடி மூட்டையை வாங்காதீர்கள். ஒரு கைப்பிடியைக் கிண்ணத்தில் கலந்து, இறுகிச் சூடு வருகிறதா என்று பார்த்த பிறகே சிலைப் பக்கம் போங்கள். கலக்கும்போது தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும்.

மறுபடி மண் பிடித்து, வேறு கடை மூட்டையில் அச்செடுத்தோம். இந்த வகை அச்சு ஒரே ஒரு வார்ப்புக்குத்தான், உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, சோப்புக் கரைசல் தடவி, பிளாஸ்டர் ஊற்றி, பிறகு அச்சை உளியால் உடைத்தெடுக்க வேண்டும். முகத்தை ஒட்டிய முதல் பூச்சில் மாஸ்டர் சொட்டு நீலம் கலக்கச் சொன்னது ஏன் என்று உடைக்கும்போதுதான் புரிந்தது. வெள்ளையைத் தட்டிக்கொண்டே போய் நீலம் தெரிந்ததும் கையைத் தளர்த்திக்கொள்ள வேண்டும், அடுத்து இருப்பது உங்கள் சிலை. நீலம் ஓடு ஓடாகக் கழன்று இமை மடிப்பு அப்படியே முழுசாக வந்தபோது வகுப்பே கூடிவிட்டது.

முதுகும் தோளும் புரியாமல் தடுமாறுகிறவர்கள் மெரினாவில் 1959-இல் வைத்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைச் சுற்றி வந்து பின்பக்கமாகப் பாருங்கள். பாறையை நெம்பும்போது எந்தத் தசை இழுக்கிறது, எது தளர்கிறது என்று அங்கே தெரிந்த அளவுக்கு எனக்கு எந்தப் படத்திலும் தெரியவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் சோழர் வெண்கலங்களுக்கும் போகலாம், வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும்.

அப்புறம் கல். முதல் தடவைக்கு மாக்கல் போதும், அரத்துக்கே இழையும், கருங்கல் உளி முனையைத் தின்றுவிடும். எந்தக் கல்லானாலும் தூசிக்கு நல்ல மாஸ்க் போடுங்கள், கைக்குட்டை கட்டுவது உதவாது. கருங்கல் தூசி நுரையீரலில் தங்கிவிட்டால் பிறகு போவதில்லை. இதை எந்த வகுப்பிலும் முதல் நாளே அழுத்திச் சொல்ல வேண்டும், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பிளாஸ்டர் தலையைக் காலிப்பர் என்ற இருகால் அளவுகோலால் அளந்து நெற்றி, மூக்கு நுனி, தாடை மூன்றையும் மாக்கல்லில் குறித்தாயிற்று. காதுகளை மாஸ்டர் கடைசியில்தான் தொடச் சொல்லியிருக்கிறார்.