யார்க்ஷயரில் யார் தூக்குவார்கள்?

முதியோர் இல்லத்தில் வேலை என்று இங்கிலாந்தின் யார்க்ஷயருக்கு வந்தபோது குளிர், வாடகை, பேச்சு வழக்கு என்று பலதுக்கும் மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். சாவைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் அது மாதா மாதம் வரும் விஷயம்.

இரவில் ஒருவர் போனால் கறுப்பு கோட்டு போட்ட இருவர் சக்கரம் வைத்த கட்டிலோடு வருவார்கள். முன்பெல்லாம் மற்றவர்களின் அறைக் கதவுகளைச் சாத்திவிட்டுப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோவார்களாம். எங்கள் இல்லத்தில் இப்போது முன்வாசல்தான். ஊழியர்கள் இருபுறமும் வரிசையாக நின்று அனுப்பி வைக்கிறோம். அடக்கமோ தகனமோ அதன்பிறகு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் நடக்கும். நம்ம ஊரில் ப்ரீசர் பாக்ஸ் எடுத்து ஒரு நாள் கூடுதலாக வைத்தாலே, "யாரு வரணும், துபாய்ல இருந்தா?" என்று கேட்டுவிடுவார்கள்.

நான் குமரி மாவட்டம், தக்கலைப் பக்கம். எங்கள் தெருவில் மூன்று மதத்தாரும் உண்டு. அதனால் சின்ன வயதிலேயே மூன்று விதமான கடைசிப் பயணத்தையும் பார்த்தாயிற்று. உடலைச் சுமக்கப் பள்ளிவாசலில் இருக்கும் சந்தூக் நாலு கால் வைத்த மரக்கட்டில் மாதிரி இருக்கும். பணக்காரர், ஏழை எல்லாருக்கும் அது ஒன்றுதான். மய்யித்தை, அதாவது உடலை, மையவாடி என்கிற அடக்க இடத்தில் இறக்கியதும் பள்ளிக்கே திரும்பிவிடும். கிறிஸ்தவ வீடு என்றால் கோயில் மணி அடிக்கும், ஆசாரி செய்த பெட்டி வரும், கல்லறைத் தோட்டம் வரை சபையின் நாலு சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு போவார்கள்.

எங்களுக்குப் பாடை. அதை வாங்கவும் முடியாது, செய்து வைக்கவும் கூடாது. ஆள் போனபிறகுதான் பச்சை மூங்கிலே வெட்டுவார்கள். நீளமாக இரண்டு, குறுக்கே துண்டுகள், கயிற்றுக்கட்டு, மேலே முடைந்த தென்னோலை. தெருவில் ஒரு மாமா இதற்கென்றே இருந்தார். கட்டி முடித்ததும் நடுவில் முழங்காலை ஊன்றி அழுத்துவார். எங்காவது முனகல் கேட்டால் அந்தக் கட்டை அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். உள்ளே அழுகை, வெளியே இவர் "இன்னும் ரெண்டு சுத்து சுத்துலே" என்று பையன்களை அதட்டிக்கொண்டிருப்பார். அந்த வேலையில் அவரை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

இங்கே ஒரு பெரியவரைத் தூக்க எனக்கும் வாய்த்தது. இல்லத்தில் அவரைக் கடைசிவரை கவனித்தவன் என்று மகன் கூப்பிட்டார். ஆறு பேர் வேண்டும், சொந்தத்தில் ஐந்து பேர்தான். சவ அடக்க நிறுவனத்துக்காரர் எங்களை உயரப்படி ஜோடி சேர்த்தார், குட்டையான நான் முன்னால். கையை எதிரே நிற்பவரின் தோளில் போட்டுப் பிடிக்கச் சொல்லி, எந்தக் காலை முதலில் வைப்பது என்பதுவரை ஒத்திகை பார்த்தார். பெட்டி பலகை அல்ல, வில்லோ மரக் குச்சிகளில் பின்னியது, மூடி போட்ட பெரிய கடவம், ஓலைக்கூடை மாதிரி. தோளில் ஏறியதும் காதோரம் நறநறவென்றது. எனக்கு மாமாவின் முழங்கால் ஞாபகம் வந்துவிட்டது.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "தூக்குறதுக்குக்கூட ஆளில்லையா மக்கா அங்க?" என்றாள். ஆள் இருக்கிறது, நிறுவனமே அனுப்பும், அதற்கும் காசு என்றேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் இந்த இங்கிலாந்துக்காரர்கள் எப்போதும் இப்படி இருந்தவர்கள் அல்ல. ஒரு காலத்தில் ஏழைகளுக்குச் சொந்தப் பெட்டி கிடையாது. தேவாலயத்தில் ஊர்ப் பொதுவாக ஒரு பெட்டி இருக்கும். துணி சுற்றிய உடலை அதில் வைத்துக் கொண்டுபோய்க் குழிக்குள் இறக்கிவிட்டு, பெட்டியைத் திருப்பி வைப்பார்கள். யார்க்ஷயரின் ஈசிங்வோல்ட் ஊர்த் தேவாலயத்தில் அப்படி ஒன்று இன்றும் இருக்கிறது. சந்தூக்குக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? லேக் டிஸ்ட்ரிக்ட் என்கிற ஏரிப் பகுதியில், கிராஸ்மியர், ரைடல் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே பிணம் கொண்டுபோன பழைய பாதையில், பெட்டியை இறக்கி இளைப்பாற ஒரு கல்லும் கிடக்கிறது. நம் பக்கத்துச் சுமைதாங்கியைத் தெரிந்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, நம்மவர்களில் ஒருவர் இங்கே போனால்? குமரி மாவட்டத்தார் வாட்ஸ்அப் குழுவில் இது அடிக்கடி வரும். பதப்படுத்தி, துத்தநாகத் தகடு அடித்த பெட்டியில் திருவனந்தபுரத்துக்கு அனுப்பி, களியக்காவிளை வழியாக ஆம்புலன்ஸில் ஊர் சேர்க்க வேண்டும். அந்தப் பெட்டி எங்கள் முடுக்குக்குள் நுழையாது. வளைகுடாவிலிருந்து பெரியப்பாவைக் கொண்டுவந்தபோது முக்கிலேயே பெட்டியைத் திறந்து, கட்டி வைத்திருந்த பாடைக்கு மாற்றித்தான் உள்ளே தூக்கினோம். இங்கேயே எரித்துச் சாம்பலை அனுப்பலாம், மிச்சப் பணம் பிள்ளைகளுக்கு உதவும் என்பது என் கட்சி. கல்லறைத் தோட்டத்தில் அப்பன் பக்கத்தில்தான் படுப்பேன் என்று ஒரு அண்ணன் பிடிவாதமாக இருக்கிறார். போன வாரமும் இதே சண்டை. நடுவில் யாரோ பொங்கல் விழாவுக்கு ஹால் கிடைத்துவிட்டது என்று போட்டார்கள், எல்லாரும் மரச்சீனிக்கிழங்குக்கும் மீன்கறிக்கும் போய்விட்டார்கள்.