குறிப்புக் கலத்தில் இருந்த டி.சி.

ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலம் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது 12 லட்சம் ஏக்கர் என்ற கணக்கைத்தான். நிலவுரிமைக்காக இயங்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் சட்ட உதவிப் பிரிவில் நான் பார்த்த வேலை அதைவிட மிகச் சின்னது. இந்தக் குடும்பத்தின் பாட்டனுக்குக் கொடுத்த நிலம் இன்றைய வரைபடத்தில் எந்தத் துண்டு? மதுராந்தகம், உத்திரமேரூர், செய்யூர்ப் பக்கத்துக் காலனிகளில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் பெரும்பாலான நாட்கள் போயின. சர்வே எண் இல்லாத மனுவுக்கு எந்த அலுவலகத்திலும் உயிர் கிடையாது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்கீர், அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். நிலம் இல்லாததே அவர்களை அடிமைப்படுத்தி வைத்திருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. அடுத்த ஆண்டு, 1892இல், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்க அரசாணை வந்தது. முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ, தானம் கொடுக்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் கை மாறலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். எத்தனை பத்திரம் பதிவாகி எத்தனை கை மாறியிருந்தாலும் இந்த நிபந்தனை சாவதில்லை. மக்கள் பக்கம் இருக்கும் ஒரே பலம் இதுதான்.

அந்த நிபந்தனை எழுதப்பட்ட இடம் ஓர் ஓரம். சர்வே எண் வாரியாக ஊரின் நில விவரங்களை எழுதி வைக்கும் பழைய அ பதிவேட்டில் கடைசியாக உள்ள குறிப்புக் கலத்தில் ‘டி.சி.’ (டிப்ரெஸ்டு கிளாஸ், அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்றோ, நிபந்தனை ஒப்படை என்றோ சிறிய எழுத்தில் இருக்கும். நில ஆவணங்களைப் புதுப்பிக்க 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். திட்டத்தில் எல்லாக் கணக்குகளையும் புதிதாக எழுதினார்கள். அப்போது யார் அனுபவத்தில் இருந்தாரோ அவர் பெயர் பல இடங்களில் பட்டாவில் ஏறியது. குறிப்புக் கலத்தின் அந்த வரி பல கிராமங்களில் புதுப் பதிவேட்டுக்கு வரவே இல்லை. கணினியில் ஏற்றியபோது புதுப் பதிவேட்டைத்தான் ஏற்றினார்கள். இன்று நிலம் வாங்குகிறவர் இணையத்தில் பட்டாவைப் பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும். வில்லங்கச் சான்றிலும் ஒன்றும் வராது. பதிவான பத்திரங்கள்தானே அதில் வரும், ஒப்படை எப்படி வரும்?

நிலம் போன கதைகள் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி இருந்தன. பஞ்ச காலத்தில் வாங்கிய கேழ்வரகு, கல்யாணக் கடன், வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டு. அடித்துப் பிடுங்கியதும் உண்டு. பெரும்பாலும் பிடுங்க வேண்டிய தேவையே வரவில்லை. கடன்காரரின் கழனியில்தான் அன்றாடக் கூலி என்றால் யார் எதிர்த்துக் கேட்பார்கள்?

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாட்சிகள் வயதான பெண்கள். சர்வே எண் கேட்டால் ஆண்கள் பேரனைக் கூப்பிடுவார்கள், பேரன் கைபேசியை எடுப்பான். ஓர் ஊரில் ஆயா ஒருவர் அதற்கெல்லாம் காத்திருக்காமல் எங்களை நடத்திக் கூட்டிப்போனார். எங்கும் கல் நட்டு மனை போட்டிருந்த பூமி. “இந்தாண்ட களத்து மேடு, அந்தாண்ட மூணு பனமரம். நடுவுல இருந்தது எங்க மாமனாரு ஓட்டுன கொல்லை. ஓடத் தண்ணி இப்படித்தான் வரும் தம்பி” என்று கையை நீட்டிக் காட்டினார். பனை ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் பழைய கிராம வரைபடத்தை விரித்தபோது அவர் காட்டிய திசையிலேயே ஓடை வளைந்து ஓடியது. அதை ஒட்டிய எண்ணைப் பழைய பதிவேட்டில் தேடினோம். குறிப்புக் கலத்தில் டி.சி. இருந்தது. அதற்கு எதிரே அவருடைய மாமனாரின் தகப்பனார் பெயர்.

அந்தப் பதிவேட்டைப் பார்க்கக் கிடைத்ததே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால்தான். 2005க்கு முன்னால் ஆவண அறைக்குள் நுழைய யாருடைய தயவாவது வேண்டியிருந்தது என்று மூத்த தோழர்கள் சொல்வார்கள். சட்டம் வந்த பிறகும் ‘பக்கம் கிழிந்துள்ளது’, ‘பதிவேடு கிடைக்கவில்லை’ என்ற பதில்கள் எங்களுக்கு வந்தன. ஒரு பதிவேடு தொலைந்தால் ஒரு கிராமத்தின் சொத்தே தொலைகிறது. கரையான் அரித்ததா, ஆள் எடுத்ததா என்று கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லாமல் விட்டு வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆவணம் கிடைத்துவிட்டால் மனு, விசாரணை, மேல்முறையீடு என்று ஆண்டுகள் ஓடும். அந்த நேரத்தில்தான் ஊரும் காலனியும் ஒரே தெருவழியில் நடமாட வேண்டும். கரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்க 1994இல் போராடிய மக்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். எந்தக் காலனியில் கூட்டம் போட்டாலும் பெரியவர் யாராவது அந்தப் பெயர்களைச் சொல்லாமல் இருக்க மாட்டார். பயமும் துணிவும் சேர்ந்தேதான் அந்தப் பேச்சில் வரும். இளைஞர்களின் கேள்வி வேறு. “நிலம் வந்தா யாரு சார் பயிர் வைக்கிறது? கம்பெனி வேலைக்குப் போறோம்.” நியாயமான கேள்வி. அதற்கு அந்த ஆயாதான் பதில் சொன்னார். “வைக்காங்காட்டி போ. நம்ம எடத்துல நாம ஏறி நிக்கணும் இல்ல?”

பயிர் வைக்க நினைத்தவர்களுக்கும் பாதை இல்லை. சுற்றிலும் மற்றவர் பட்டா. வரப்பில் நடக்கவிட மறுத்தால் உழவு வண்டி எப்படிப் போகும்? கிணற்றுக்கும் மின் இணைப்புக்கும் முதல் போகத்து விதைக்கும் பணம் இல்லாதபோது, மீட்ட நிலத்தை அதே கடன்காரரே குத்தகைக்குக் கேட்டு வருகிறார். ஒப்படை ஆணையோடு பாதையும் தண்ணீரும் வேளாண் கடனும் ஒரே கோப்பில் வர வேண்டும் என்று அதிகாரிகளிடம் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். மனைவி பெயரும் பட்டாவில் சேர வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கை.

கோயில் நிலம், வக்ஃபு நிலம், பூதான நிலம் ஆகியவற்றின் பத்திரங்களைச் சார்பதிவாளர் மறுக்கப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு இருக்கிறது. பஞ்சமி எண்கள் ஒவ்வொன்றும் அதே கண்டிப்போடு சார்பதிவாளரின் கணினியில் தெரிய வேண்டும். அதற்கு முதலில் யு.டி.ஆருக்கு முந்தைய அ பதிவேடுகளை, கிராமம் கிராமமாக, குறிப்புக் கலத்தோடு படியெடுத்து இணையத்தில் வைக்க வேண்டும். தாள்கள் ஆண்டுக்கு ஆண்டு உதிர்கின்றன. ஓடை ஓடிய திசை தெரிந்தவர்களுக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது.