பிச்சாவரம்: படகை விட்டு வாய்க்காலையும் பாருங்கள்

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் அலையாத்திக் காடு 15 கிலோமீட்டர் சொச்சம். படகுத்துறையில் துடுப்புப் படகையே கேளுங்கள். மோட்டார் போட் அகலமான கழியைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். கிளைகள் தலையைத் தொடும் குறுகிய ஓடைக்குள் அது நுழையாது. வேர்களைப் பார்க்கக் கடல் வற்றம் இறங்கித் தண்ணீர் வற்றும் நேரமே சரி. அந்த நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும் என்பதால், போன வாரம் போனவர் சொன்ன கணக்கு உதவாது. படகுக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டுக்கால் ஊன்றியதுபோல் வேர் இறக்கி நிற்பது சுரபுன்னை. அதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைப் பிஞ்சு மாதிரி தொங்கும். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர் நீட்டுவது வெண்கண்டல். அதன் இலையை நக்கினால் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியே கக்கிவிடுகிற மரம். மரம் எது என்று தெரியாமல் நக்கிவிட வேண்டாம். பக்கத்திலேயே தில்லையும் நிற்கும், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்தது இந்த மரம்தான்.

படகில் போகிறவர்கள் கவனிக்காத ஒன்று, மீன் முள் வடிவில் வெட்டிய மீன்முள் வாய்க்கால். அது ஏன் வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் களிமண் காய்ந்து அமிழ்ந்தது. இந்தக் கரையில் கடல்நீர் ஏறி இறங்கும் ஏற்றவற்றமே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். தரை கொஞ்சம் தாழ்ந்தாலும் போதும், உள்ளே வந்த நீர் வெளியேறாது. தேங்கியது வெயிலில் சுண்டியது, உப்பு ஏறியது. உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடியைத் தவிர வேறெதுவும் முளைக்கவில்லை. மாடு மேய்ந்துதான் காடு அழிந்தது என்பது பழைய விளக்கம், அது பாதிகூட உண்மையில்லை.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒரு தாய் வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். மேலே அகலம், அடியில் குறுகல். செங்குத்தாக வெட்டினால் கரை சரிந்து தூர்ந்துவிடும். ஓதம், அதாவது கடலேற்ற நீர், வந்துபோக, உப்பு கழுவப்பட்டது. பிறகு உப்பைத் தாங்கும் வெண்கண்டலை நட்டார்கள், அதுவும் சரிவின் நடுவில்: அடியில் வைத்தால் மூழ்கிச் சாகும், மேட்டில் வைத்தால் காயும். கிளை வாய்க்கால்களில் சேறு படிந்தபடியே இருக்கும். தூர் வாராமல் விட்டால் பழைய கதைதான். கன்று நட்டுப் படம் எடுப்பதோடு முடிகிற வேலையல்ல இது.

2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெருமளவு தப்பின. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

ஓடைகளில் வலையில்லாமல் இறால் பிடிக்கும் இருளர்களைப் பார்க்கலாம். பறி என்னும் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். விரலில் துள்ளுவது உடனே பறிக்குள் போகும்.

மாசி மகத்தன்று வருவதானால் இன்னொரு காட்சி. ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கிள்ளை முழுக்குத்துறைக்கு எழுந்தருள்வார். வழியில் தர்காவில் இஸ்லாமியர்கள் மரியாதை செய்து வரவேற்பார்கள். அன்றைக்குக் கார் ஆகாது, பஸ்தான்.