இல்லை, அழேல்ல

2025 ஜூன் 3

காலமை லிஃப்ற்றுக்குள்ள ஐஞ்சாம் மாடி அன்ரி. "என்ன பிள்ளை, இரவு முழுக்க அழுதனீரோ?" இல்லை அன்ரி, நல்லா நித்திரை கொண்டனான். உண்மையாவே கொண்டனான், ஆறரை மணித்தியாலம். லிஃப்ற் கீழ வந்து சேருமட்டும் அவ என்ர கையைத் தடவிக்கொண்டே வந்தா.

கனடா போகப் போட்ட விண்ணப்பம் எந்த நிலையில நிக்குதெண்டு இணையத்தில பார்த்தன். அதே வரி.

ஜூன் 4

அதே வரி.

ஜூன் 6

எங்கட ஹோலில ரியூப் லைற் நேர உச்சியில இருக்கு. அதுக்குக் கீழ இருந்தா ஆருக்கும் கண் ரெண்டும் குழிக்குள்ள போகும், எனக்குக் கிணறு. இண்டைக்கு ஒரு மணித்தியாலம் மினக்கெட்டு ஒண்டு கண்டுபிடிச்சன். உச்சி லைற்றை நிப்பாட்டி, மேசை லாம்பை போனுக்குப் பின்னால தாடை உயரத்துக்கு வைச்சு, முன்னால ஒரு வெள்ளை ஏ4 தாளை ஒட்டினா நிழல் முழுக்கப் போகுது. கண்ணுக்குக் கீழ இருக்கிற மண்ணிறம் மட்டும் போகேல்ல. லாம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில தள்ளினனோ, பிழை. தோலில இருக்கிற பருக்கையெல்லாம் எழும்பி நிண்டுது, ரவை தூவின மாதிரி. எண்ணினன். இடப்பக்கம் பதினொண்டு, வலப்பக்கம் ஏழு.

கனடாவில இருக்கிற என்ர மனிசன் இரவு ஒரு மணிக்கு வீடியோக் கோல் எடுத்தார், அங்க பின்னேரம் மூண்டரை, வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிறார். "இண்டைக்கு உம்மட முகம் வெளிச்சமா இருக்கு" எண்டார். லாம்பைப் பற்றிச் சொல்லேல்ல.

ஜூன் 8

ரெற்றினோல் வாங்கிட்டன், தோலுக்குப் பூசுற கிறீம். கொழும்புக் காலி வீதிப் பாமசியில விலையைக் கேட்டுப்போட்டு வெளியில வந்து, ராமகிருஷ்ணா வீதி முடக்கு வரைக்கும் நடந்து, திரும்பிப் போய் வாங்கினன். ஒரு பட்டாணியளவு முழு முகத்துக்கும் காணுமெண்டு போட்டிருக்கு. நான் அதைக் கண்ணுக்குக் கீழ மட்டும் பூசினன்.

ஜூன் 10

போசன் போயா, பௌத்தரின்ர பௌர்ணமி நாள். கீழ சந்தியில தன்சல், சும்மா ஐஸ்கிரீம் குடுக்கினம், வரிசை அடுத்த ஒழுங்கை வரைக்கும். அம்மாவும் போய் நிண்டு வாங்கினா. எரியுது.

ஜூன் 11

எரியுதெண்டு எழுதினனானே, அது ஒண்டுமில்லை. இண்டைக்குத் தோல் வெடிச்சு உரியுது. சிரிச்சா இழுக்குது. கண்ணீர் பட்டா (அழேல்ல, வெங்காயம்) உப்புத் தடவின மாதிரி. அம்மா செவ்விளநீரில பஞ்சை நனைச்சு வைச்சா. குளிர்ந்துது, அவ்வளவுதான். நேற்றுக் கரண்டியை ஃபிரிட்ஜில வைக்கச் சொன்னா, முந்தநாள் உருளைக்கிழங்கு. குளிருக்குக் கண் வீக்கம் வத்தும், அரை மணித்தியாலத்தில திரும்பி வந்திடும்.

ஒபிசில மேலதிகாரி: "வீட்டில ஏதும் பிரச்சினையோ? லீவு வேணுமெண்டாச் சொல்லுங்கோ." இருவத்தைஞ்சு வருசமாக் கேக்கிற கேள்வி. நாலாம் வகுப்பில ரீச்சர் என்னை வெளியில கூட்டிக்கொண்டு போய் "அப்பா அடிச்சவரோ?" எண்டு கேட்டா. அப்பா எனக்குக் கை ஓங்கினதே இல்லை. வீட்டை வந்து சொன்னதுக்கு அப்பா விழுந்து விழுந்து சிரிச்சார். பிறகு ரெண்டு நாள் ஒரு மாதிரி இருந்தார்.

ஜூன் 14

ஒபிஸ் பிள்ளை ஒண்டு ஒரு சின்ன டப்பா தந்துது. மூண்டு நாளில வெளுக்குமாம். மூடியில ரோசாப்பூ. எங்க செய்தது, என்ன போட்டது, ஒண்டுமில்லை. நல்ல வேளை, பூச முந்தி மச்சாளுக்குப் படம் அனுப்பினன். அவ பாமசியில நிக்கிறவ. உடன கோல் எடுத்துக் கத்தினா. உப்பிடி மூண்டு நாளில வெளுக்குறதில பாதரசம் இருக்கலாமாம், இல்லாட்டி ஸ்ரெரொயிட். பாதரசத்தைக் கட்டுப்படுத்துற மினமாட்டா உலக உடன்படிக்கையில பாதரசம் சேர்த்த அழகுச் சாமானுக்குத் தடை, இலங்கையும் அதில சேர்ந்த நாடுதான், எண்டாலும் புறக்கோட்டைக் கடையளில எல்லாம் கிடைக்கும் எண்டா. பாதரசம் சிறுநீரகத்துக்குப் போகுமாம். ஸ்ரெரொயிட்டைக் கண்ணுக்குக் கிட்டக் கனநாள் பூசினா கண்ணுக்குள்ள அமுக்கம் கூடுமாம், தோல் இன்னும் மெல்லிசாகுமாம். "இருக்கிறது காணாதே உனக்கு?"

டப்பாவைக் குப்பையில போட்டன். பிறகு அதை எடுத்துப் பேப்பரில சுத்தித் திரும்பப் போட்டன், மாடியைப் பார்க்கிற சுப்பரிண்டன்ற்றின்ர மனிசி எடுத்துப் பூசிப்போடுவா எண்டு பயம்.

ஜூன் 17

வரி மாறிட்டுது.

நெஞ்சு அடிச்ச அடியில லொகின் பண்ண ரெண்டு தரம் பிழைச்சுது. கடிதம். படம் ஏற்கேலாதாம், திருத்தப்பட்டிருக்காம். முப்பது நாளுக்குள்ள புதுப் படம்.

ஸ்ரூடியோப் பெடியன்! அண்டைக்கே எனக்கு ஏதோ மாதிரி இருந்தது. படத்தில நான் நல்லா இருந்தன், அதுதான் கேக்கேல்ல. இப்ப பெரிசாக்கிப் பார்த்தன். கண்ணுக்குக் கீழ கருப்பும் இல்லை, பருக்கையும் இல்லை, கன்னத்துத் தோலை வெட்டி ஒட்டினமாதிரி ஒரே சமமாக் கிடக்கு. பின்னேரம் போய்க் கேட்டன். பெடியன் வலு சந்தோசமா, "ஓம் அக்கா, நான்தான் செய்தனான். அதுக்குத் தனிக் காசு எடுக்கேல்லயே" எண்டான். என்னெண்டு பேசுறது.

அம்பதுக்கு எழுபது மில்லிமீற்றர். தாடையில இருந்து உச்சி வரைக்கும் 31 க்கும் 36 க்கும் இடையில. சிரிக்கக் கூடாது. நிழல் விழக் கூடாது. பின்பக்கம் ஸ்ரூடியோ பேர், விலாசம், எடுத்த திகதி. ஒண்டையும் அழிக்கக் கூடாது. இந்த முகத்தோட, உரிஞ்ச தோலோட, நாளைக்குப் போய் இருக்கவோ? கொஞ்சம் ஆறட்டும். முப்பது நாள் இருக்குத்தானே.

ஒரு மணிக்கு அவர் கேட்டார், ஏதும் வந்ததோ எண்டு. படம் கேட்டிருக்கினம், அனுப்பிட்டன் எண்டு சொன்னன்.

ஏன் சொன்னனெண்டு தெரியேல்ல.

ஜூன் 18

இருவத்தொன்பது.

ஜூன் 21

தோல் டொக்டரைச் சனல் பண்ணினன், காட்ட நேரம் எடுத்தன். நம்பர் 23. ஆறு மணியெண்டு துண்டில போட்டிருக்கு, டொக்டர் வந்தது ஏழு இருவதுக்கு. பக்கத்தில ஒரு தாயும் கைக்குழந்தையும், குழந்தை என்ர முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துது. அதுவாவது ஒண்டும் கேக்கேல்ல.

டொக்டர் சிங்களத்தில தொடங்கி, என்ர முழுசலைப் பார்த்து இங்கிலிசுக்கு மாறினா. மேல பாருங்கோ எண்டுபோட்டு, ரெண்டு விரலால கன்னத்தோலைக் கீழ இழுத்துப் பிடிச்சா. பிறகு பக்கத்தில இருந்து ரோச் அடிச்சா. நான் லாம்பை வைச்சுச் செய்ததைத்தான் அவவும் செய்தா, ஆனா ஒரு நிமிசத்தில. மண்ணிறம் தோலோட சேர்ந்து இழுபட்டுப் போகுதாம், அப்ப அது தோலுக்குள்ள இருக்கிற நிறம். இழுக்கேக்க மூக்குப் பக்கம் நீலம் கூடத் தெரியுதாம், அது கீழ ஓடுற இரத்தக்குழாய். அங்க தோல் அரை மில்லிமீற்றர்தானாம், உடம்பிலயே அதுதான் மெல்லிசு. மிச்சம் எலும்பின்ர பள்ளம் விழுத்துற நிழல். "உங்களுக்கு மூண்டும் இருக்கு" எண்டா, கடையில சாமான் இருக்கெண்டு சொல்லுற மாதிரி.

பீனிசம் இருக்கோ எண்டு கேட்டா. இருக்கு, சின்னனில இருந்து. கண் கசக்குவீங்களோ? அந்த நேரம் கசக்கிக்கொண்டுதான் இருந்தன். மூக்கு அடைச்சாக் கண்ணுக்குக் கீழ இரத்தம் தேங்கும், கசக்கக் கசக்கத் தோல் கறுத்துத் தடிக்கும் எண்டா. இவ்வளவு காலமும் நித்திரை, நித்திரை எண்டு எல்லாரும் சொல்ல, மூக்கை ஒருத்தரும் கேக்கேல்ல.

பருக்கை, நான் நினைச்ச மிலியா (உள்ளுக்குள்ள வெள்ளை விதை இருக்கிற சின்னக் கட்டி) இல்லையாம். சிரிங்கோமாவாம். வியர்வைக் குழாய் தடிச்சு வாறது, தீமை இல்லை, குடும்பத்தில ஓடும், ஒரு கிறீமுக்கும் போகாது. லேசரால சுடலாம், எங்கட நிறத் தோலில சுட்ட இடம் கறுக்கும். இதைச் சொல்லிக்கொண்டே இடக்கண்ணுக்குக் கீழ ஒரு இடத்தில விரலை வைச்சு நிப்பாட்டினா. "இது என்ன?" டிசம்பரில நான் ஊசியால குத்தினது. உள்ளுக்குள்ள வெள்ளை விதை வருமெண்டு யூரியூப்பில பார்த்துக் குத்தினன், ஒண்டும் வரேல்ல, கறுப்புப் புள்ளி மட்டும் நிண்டுட்டுது. சொன்னன். டொக்டர் துண்டில எழுதிக்கொண்டே இருந்தா.

பள்ளத்துக்கு ஊசி மருந்து போட்டு நிரப்புறதாம் எண்டு கேட்டன். செய்யினம், ஆனா பிழையா ஒரு குழாய்க்குள்ள போனாப் பார்வையே போகலாம், அபூர்வம்தான், எண்டாலும் உங்களுக்கு நான் சொல்லமாட்டன் எண்டா. ரெற்றினோலை நிப்பாட்டு. மூக்குக்கு ஸ்பிறே. சன்ஸ்கிறீம், மழையெண்டாலும். இரும்புச்சத்துப் பார்க்க ஒரு இரத்தம். "ஆறு மாசத்தால வித்தியாசம் பாருங்கோ."

எனக்கு இருக்கிறது இருவத்தாறு நாள்.

ஜூன் 24

ஃபெரிற்றின், உடம்பில சேர்ந்திருக்கிற இரும்பின்ர அளவு, 9. பதினைஞ்சாவது இருக்கோணுமாம். குளிசை தந்திருக்கு, தேத்தண்ணியோட குடியாதேங்கோ, தேசிக்காய்த் தண்ணியோட குடியுங்கோ எண்டு. குடிச்சாக் கருப்புப் போகுமோ எண்டு கேட்டதுக்கு "களை போகும்" எண்டு மட்டும் மச்சாள் சொன்னா.

மூண்டு மாசமா மாடி ஏறேக்க மூச்சு வாங்குது. அதை எழுதவே இல்லை நான்.

ஜூன் 28

மழை. கடலோர மரைன் ட்ரைவ் பக்கத்து யன்னல் எல்லாம் உப்பு. தலகாணி உறையெல்லாம் சுடுதண்ணியில அவிச்சுத் தோய்ச்சன், தூசிப் பூச்சிக்கு. காய இடமில்லை. வீடு முழுக்க ஈர உறை தொங்குது, அதுக்கே தும்மல்.

கோல் வரேல்ல. ஓவர்ரைம் எண்டு ரெண்டரைக்கு மெசேஜ்.

ஜூலை 2

அம்மா எப்பவும் சொல்லுவா, "அது அப்பான்ர கண், என்ன செய்யிறது." இண்டைக்கு அப்பான்ர படத்துக்குக் கிட்டக் கதிரையைப் போட்டு ஏறிப் பார்த்தன். மாலையை விலக்கிப் பார்த்தன். ஒண்டுமில்லை. அப்பான்ர கண்ணுக்குக் கீழ வழுவழுவெண்டு, சினிமா நடிகர் மாதிரி. "எங்கயம்மா இருக்கு?"

"அது கலியாணத்துக்கு யாழ்ப்பாணத்தில எடுத்தது. அப்ப நெகட்டிவில பென்சிலால தடவுவினம்."

கறுப்பான இடம் நெகட்டிவில கண்ணாடி மாதிரி வெறுமையா இருக்குமாம். அதில பென்சில் கருக்கைத் தடவினா, கழுவி எடுக்கிற படத்தில அந்த இடம் வெளுக்கும். அந்த ஸ்ரூடியோக்காரரும் தனிக் காசு எடுத்திருக்க மாட்டார்.

ஜூலை 5

அம்மா ட்ரங்குப் பெட்டிக்குள்ள இருந்து அப்பான்ர ஐசியை, அடையாள அட்டையை, எடுத்துத் தந்தா. பழைய ஐசி, லமினேற் மஞ்சளாகி விளிம்பு பிளந்து, நம்பர் வீ எண்டு முடியுது. முத்திரை அளவு கறுப்பு வெள்ளைப் படம். ஆரும் தடவேல்ல. ரெண்டு கண்ணுக்குக் கீழயும் பெருவிரலை மையில தோய்ச்சு வைச்ச மாதிரி. அப்பாவுக்கு அப்ப முப்பத்தாறு. இரவு முழுக்க அழுத மனிசன் மாதிரி இருக்கிறார்.

"எத்தினை செக் பொயின்ற்றில இதைப் பார்த்துப்போட்டு, ஏன் பயப்படுறாய் எண்டு கேட்டாங்கள்" எண்டா அம்மா. "பயமும்தான். ஆனா அது அவற்ற முகம்."

ஐசியைத் திருப்பிக் குடுக்கேல்ல. என்ர பேர்சுக்குள்ள இருக்கு.

ஜூலை 9

கசக்காம ரெண்டு நாள். இண்டைக்குக் கசக்கிட்டன்.

ஜூலை 12

அவர்: "படம் அனுப்பி எத்தினை நாள்? ஏன் அசையேல்ல? விண்ணப்பத்துக்கு எடுத்த மெடிக்கல் ஓகஸ்ட் 19 ஓட முடியுது தெரியுந்தானே உமக்கு. திரும்ப எடுக்கோணுமெண்டா இன்னும் எத்தினை மாசமோ."

தெரியும். ஓம். பார்ப்பம். அவையள் அப்பிடித்தான்.

லாம்பு, ஏ4 தாள், தாடை உயரம். அவர் கதைக்கக் கதைக்க எனக்குக் கண்ணீர் ஓடத் தொடங்கிட்டுது, துடைச்சாத் தெரியுமெண்டு துடைக்கேல்ல. அவருக்கு விளங்கேல்ல. "இண்டைக்கும் நல்ல வெளிச்சம்" எண்டு சொல்லிப்போட்டு பஸ் வந்துட்டெண்டு வைச்சிட்டார். காலமை லிஃப்ற்றில அன்ரி என்னைப் பார்த்தா, ஒண்டும் கேக்கேல்ல. அழாத நாளெல்லாம் கேட்டவ.

ஜூலை 15

எண்ணினன். பதினொண்டு, ஏழு. ஒண்டும் கூடவுமில்லை குறையவுமில்லை. புள்ளி கொஞ்சம் மங்கல்.

ஜூலை 16

நாளைக்குக் கடைசி நாள். அங்கத்தைய நேரப்படி பார்த்தா எனக்கு ஒன்பதரை மணித்தியாலம் கூட இருக்கெண்டு பின்னேரம் முழுக்க ஒரு கணக்குப் போட்டன், பிறகு வெக்கமா இருந்துது.

வேற ஸ்ரூடியோ, தெகிவளைப் பக்கம். போனில கேட்டன்: திருத்தாம எடுப்பீங்களோ? "திருத்தாமலோ, மிஸ்?" எண்டு ரெண்டு தரம் கேட்டார். ஒன்பது மணிக்குத் திறப்பினமாம். கண் மை இல்லை, பவுடர் இல்லை. அப்பான்ர ஐசியும் கொண்டு போவன், ஸ்ரூடியோக்காரர் கேக்க மாட்டார், எண்டாலும்.

ஆடிப்பிறப்பு நாளைக்கு. அம்மா கூழுக்குத் தேங்காய்ச் சொட்டு வெட்டி வைச்சிட்டுப் படுத்திட்டா. என்னையும் படுக்கச் சொன்னா, நித்திரை முழிச்சாப் படத்தில தெரியுமாம்.

இப்ப பன்ரெண்டு நாப்பது. ஒரு மணிக்கு அவர் எடுப்பார். லாம்பை இன்னும் எடுத்து வைக்கேல்ல.