சமையலறைச் சுவரில் பென்சில் கோடுகள்

இடது தோளில் வலி வந்தபோது முதலில் சுளுக்கு என்றுதான் நினைத்தேன். மாவு வாளியைத் தூக்கும்போது பிடித்திருக்கும், இரண்டு நாளில் விட்டுவிடும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். விடவில்லை. சுளுக்கு வழிக்கிறவரிடம் போய் வந்த அன்று இரவு முழுக்க அழுதேன். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று மூன்று வாரம் கையைத் துணியில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டு, அசைக்காமல் வைத்திருந்தேன். நான் செய்ததிலேயே பெரிய தவறு அதுதான். தொட்டிலை அவிழ்த்தபோது இடது கை தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே இருந்தது. மருத்துவர் என் முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பச் சொன்னார். நான் திருப்பினாலும் வரவில்லை, அவர் பிடித்துத் திருப்பினாலும் வரவில்லை. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறதாம். 40 முதல் 60 வயதுக்காரர்களுக்கு அதிகம் வரும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். எனக்கு 48 வயது, ஒன்பது வருடமாகச் சர்க்கரை. கண்ணைப் பார், காலைப் பார், கிட்னியைப் பார் என்று எல்லோரும் சொன்னார்கள். தோளைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பகலில் சமாளித்துவிடலாம். இரவுதான் கொடுமை. தூக்கத்தில் இடப்பக்கம் புரண்டால் போதும், விழிப்பு வந்துவிடும். அப்புறம் விடிகிற வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டால் ஆளே மாறிவிடுகிறோம். மகளுக்குக் காலையில் இரட்டைப் பின்னல் போடுவது என் வேலை. கை உயராததால் அவளைத் தரையில் உட்காரவைத்து, நான் கட்டிலில் உட்கார்ந்து பின்னுவேன். ஒரு நாள் வலி தாங்காமல் சீப்பை வீசிவிட்டு அவளைத் திட்டிவிட்டேன். மறுநாள், "நானே போட்டுக்கிறேம்மா" என்று கோணல் வகிடோடு பள்ளிக்குப் போனாள். பிசியோதெரபியில் வலிக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். ஏழு என்றேன். அந்த வகிட்டை எந்த எண்ணில் சேர்ப்பது?

மூட்டில் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சர்க்கரை சில நாள் ஏறும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஏறியது, ஒரு வாரத்தில் இறங்கியது. வலி தணிந்து தூங்க ஆரம்பித்த பிறகுதான் பயிற்சியே செய்ய முடிந்தது. மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மற்றக் கையை ஊஞ்சல்போல ஆடவிடுவது, துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுப்பது, சுவரில் விரல்களால் ஏறுவது. பயிற்சி கொடுத்த பெண் முதல் நாளே சொன்னார்: "அக்கா, இழுக்கும்போது வலிக்கும், அது பரவால்ல. அரை மணி நேரத்துல அடங்கிடணும். ராத்திரி வரைக்கும் வலி இருந்தா மறுநாள் குறைச்சுச் செய்யுங்க." எனக்குக் கிடைத்த மருந்துகளிலேயே உருப்படியானது இந்தப் பேச்சுதான். அதுவரை வலித்தாலே ஏதோ கிழிகிறது என்று பயந்துகொண்டிருந்தேன்.

சமையலறைச் சுவரில் விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். முதல் கோடு என் தாடை உயரம். பதினைந்து நாளில் இரண்டு விரற்கடை ஏறியது. அப்புறம் ஒரு மாதம் அப்படியே நின்றது. ஒரே கோட்டுக்கு எதிரே நான்கு தேதிகள். அந்த மாதத்தில் விட்டுவிடலாம் என்று பலமுறை தோன்றியது. சாதம் வேகிற நேரத்தில் மட்டுமாவது ஏறிப்பார்ப்போம் என்று விடாமல் செய்தேன். ஐந்தாம் மாதம் கோடு தலையைத் தாண்டியது. தொடக்கத்தில் 80 டிகிரி உயர்ந்த கை, பத்தாம் மாதம் 150 டிகிரி வந்தது. முதுகுக்குப் பின்னால் கொக்கி மாட்டுவது மட்டும் இன்னும் சிரமம்தான்.

போன மாதம் வலது தோளில் லேசாகப் பிடித்தது. சிலருக்கு மறுபக்கமும் வருமாம். இந்த முறை தைலமும் இல்லை, தொட்டிலும் இல்லை. மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் போய்விட்டேன்.