காமாஸ் நாட்குறிப்பு: நீலப்பூவும் அதன் நஞ்சுப் பங்காளியும்

ஏப்ரல் 6, விக்டோரியா, வான்கூவர் தீவு, கனடா
ஓக் மரங்களுக்கு நடுவே உள்ள புல்வெளியில் காமாஸ், அதாவது உண்ணத்தக்க கிழங்குள்ள நீலப்பூச் செடி, இலை விட்டிருக்கிறது. தரையிலிருந்தே கிளம்பும் ஒடுங்கிய இலைகள், நடுவில் நீளவாக்கில் ஒரு மடிப்பு. இப்போதே பெயர் சொல்வது வீண்; நஞ்சுக் காமாஸும் இதே மண்ணில் ஏறக்குறைய இதே இலையோடுதான் நிற்கும். கசக்கி முகர்ந்தால் வெங்காய வாசனை இல்லை. அது காட்டு வெங்காயம் அல்ல என்பதைத் தாண்டி அந்தச் சோதனை எதையும் சொல்லாது.

ஏப்ரல் 24
பூங்கதிர் கீழிருந்து மேலாக விரிகிறது. ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள், ஒரே சூல்தண்டு (பூவின் நடுவில் சூலகத்தின் மேல் நிற்கும் மெல்லிய தண்டு). பூவை நேர் எதிரே வைத்துப் பாருங்கள்: ஐந்து இதழ்கள் மேலும் பக்கவாட்டிலும் நெருங்கியிருக்க, ஒன்று மட்டும் தனியே கீழே தொங்கினால் அது கமாசியா குவாமாஷ் என்ற காமாஸ் வகை. ஆறும் சம இடைவெளியில் விரிந்தால் பெரிய காமாஸ், அதாவது கமாசியா லைக்ட்லினி. ஒற்றைப் பூவை நம்பக்கூடாது. கதிருக்கு நான்கைந்து பூவாவது பார்க்க வேண்டும்.

மே 3
நஞ்சுக் காமாஸ் பூத்துவிட்டது. வெளிர்மஞ்சள் கலந்த சிறு வெள்ளைப் பூக்கள், நெருக்கமாக. இதழடியில் பச்சைமஞ்சள் சுரப்பி, சூல்தண்டு மூன்று. எண்ணிப் பார்ப்பதுதான் உறுதி, ஏனென்றால் காமாஸிலும் எப்போதாவது வெள்ளைப்பூ வரும். இந்த மண்ணின் லெக்வங்கன் மக்கள் பூத்திருக்கும்போதே நஞ்சுச்செடியைக் களைந்துவிடுவார்கள். உண்பதற்காகக் கிழங்கு தோண்டும் நாளில் பூ இருக்காதே.

மே 9
தோட்டத்திலிருந்து தப்பி வந்த ஸ்பானிய புளூபெல்லையும் காமாஸ் என்கிறார்கள். அது மணி வடிவம், இதழ்கள் அடியில் ஒட்டியவை, பூவுக்கு இரண்டு பூவடிச்செதில். காமாஸுக்கு ஒன்றுதான், பூவும் நட்சத்திரம்போல் விரியும். தூரத்து நீலம் யாரையும் ஏமாற்றும்: 1806 ஜூன் 12 அன்று, இன்றைய அமெரிக்க மாநிலமான ஐடஹோவின் வீப் புல்வெளியில், பூத்த காமாஸ் தெளிந்த நீர் நிறைந்த ஏரிபோல் தெரிவதாக அமெரிக்க ஆய்வுப்பயணி மெரிவெதர் லூயிஸ் எழுதினார்.

மே 27
குவாமாஷா லைக்ட்லினியா என்ற சந்தேகம் இன்னும் தீராதவர்களுக்கு வாடும் பூ உதவும். லைக்ட்லினியின் இதழ்கள் ஒன்றாக முறுக்கிக்கொண்டு பிஞ்சுக்காயை மூடும். இங்குள்ள குவாமாஷில் பெரும்பாலும் தனித்தனியே சுருங்கும்.

ஜூன் 22
காய் மூன்றாக வெடித்துக் கருவிதை தெரிகிறது. இலையும் காய்ந்தாயிற்று. இனி கிழங்கை மட்டும் தோண்டி அடையாளம் சொல்லும் வேலை வேண்டாம். காமாஸ், நஞ்சுக் காமாஸ் இரண்டுமே கருந்தோல் போர்த்தி, உள்ளே வெங்காயம்போல் அடுக்கடுக்காக இருக்கும். விதையை இலையுதிர் காலத்தில் திறந்தவெளித் தொட்டியில் தூவுங்கள். குளிர்கால ஈரக்குளிர் பட்டால்தான் முளைக்கும். முதல் ஆண்டு ஒற்றை இலை, புல்லென்றே தோன்றும். அதைப் பிடுங்கிவிடாமல் இருக்கத் தொட்டிக்குப் பெயர்ச்சீட்டு அவசியம். பூ வர மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும்.